பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் சிலதுக்கு மட்டும் விலை ஏறுவது ஏன்?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. 1972-ஆம் வருடத்து ஜாகுவார் ஈ-டைப், வி12 (12 சிலிண்டர்) இன்ஜின், பின் இருக்கை வைத்த மாடல் ஒன்றை 45,000 பவுண்டுக்குப் பார்த்து வைத்திருக்கிறார். "பத்து வருடத்துக்கு முன்னாலும் இந்த மாதிரிக் காருக்கு ஏறக்குறைய இதே விலைதானாமே? ஃபெராரி ஏலச் செய்தியைப் பார்த்தால் கோடிக்கணக்கில் போகிறது. ஜாகுவார் மட்டும் ஏன் நகரவில்லை? இப்போது வாங்கிப் போட்டால் பின்னால் ஏறுமா?"

ஓட்டுவதற்கு என்றால் தாராளமாக வாங்கலாம். சேமிப்பு என்று நினைத்து வாங்க வேண்டாம். அவ்வளவுதான் என் பதில். காரணம் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

பழசானால் விலை ஏறும், எண்ணிக்கை குறைவாக இருந்தால் விலை ஏறும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஃபெராரி 250 ஜிடிஓவை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1962 முதல் 1964 வரை செய்தது மொத்தம் 36 கார்கள். அமெரிக்காவில் புதிதாக 18,000 டாலர் அளவில் விற்றது. பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்பதால், அடுத்த தலைமுறைப் பந்தயக் கார்கள் வந்ததும் சீந்துவாரில்லாமல் போனது. டெக்சஸில் இதில் ஒன்றை ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு, பையன்கள் மெக்கானிக் வேலை பழகட்டும் என்று, இனாமாகவே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கார் 1972-இல் 6,500 டாலருக்குக் கைமாறி, பிறகு பல வருடம் வெட்டவெளியில் கிடந்தது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977-இல் தன்னுடைய ஜிடிஓவை 37,000 பவுண்டுக்கு வாங்கினார். 2014-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் ஒன்று 3.81 கோடி டாலருக்கும், 2018-இல் ஆர்எம் சோத்பீஸ் ஏலத்தில் இன்னொன்று 4.84 கோடி டாலருக்கும் போயின.

பள்ளிக்கூடத்துக்கு இனாமாகக் கொடுத்த நாளிலும் அந்தக் கார்கள் 36தான், இன்றும் 36தான். ஆக, எண்ணிக்கை மட்டும் விலையை ஏற்றிவிடவில்லை. அறுபதுகளில் பத்திரிகையில் இந்தக் காரின் படத்தைப் பார்த்து வாய் பிளந்த பையன்கள் வளர்ந்து, தொழில் செய்து, எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் கையில் பணத்தோடு வந்தார்கள். அதே சமயத்தில் பழைய கார்களுக்கென்றே பந்தயங்களும் ஊர்வலங்களும் பெருகின. ஜிடிஓ வைத்திருப்பவருக்கு எந்த நிகழ்ச்சியிலும் கதவு திறக்கும். வாரக் கடைசியில் பந்தயம் ஓட்டலாம், நம்பர் பிளேட் இருப்பதால் அதையே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரலாம்.

இதே ஜிடிஓவின் ஏழைச் சொந்தம் ஒன்று உண்டு. 250 ஜிடிஇ என்று நான்கு பேர் உட்காரும் ஃபெராரி, 1960-63 காலத்தில் 950 அளவில் செய்தார்கள். அதிலும் அதே குடும்பத்து 3 லிட்டர் வி12தான். பின் இருக்கை வைத்த ஃபெராரிக்கு மவுசு இல்லை. அதனால் என்ன நடந்தது? அடிமாட்டு விலைக்கு வாங்கி, பாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்ஜினையும் சேஸிஸையும் வைத்து ஜிடிஓ நகல்கள் செய்தார்கள். எத்தனையோ நல்ல ஜிடிஇக்கள் இப்படியே காலி. எஞ்சியவற்றுக்கு இப்போது மரியாதை வந்திருக்கிறது, வெட்டுவதற்கு யாருக்கும் மனசு வராத அளவுக்கு விலையும் வந்திருக்கிறது. ஆனாலும் ஜிடிஓ விலையில் நூறில் ஒரு பங்கு தேறினாலே பெரிது.

எண்ணிக்கையை நம்பி ஏமாந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1978-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை முன்னின்று நடத்தும் காராக செவர்லேயின் கார்வெட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே கருப்பு-வெள்ளி நிறத்தில் 6,502 நகல் கார்களை டீலர் ஒருவருக்கு ஒன்றாவது வரும்படி செய்தார்கள். விலை 13,653 டாலர். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முதல் பக்கத்தில் செய்தி வந்ததும் கூட்டம் முண்டியடித்தது. இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. வாங்கியவர் அத்தனை பேரும் இது நாளைக்குப் பொன்னாகும் என்று இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கராஜில் பூட்டி வைத்தார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்திருந்ததால் எல்லாமே பத்திரமாக இருந்துவிட்டது. ஓட்டாமலே வைத்த 1978 கார்வெட் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும், சாதாரணமாக நல்ல நிலையில் இருப்பது முப்பதாயிரம் டாலர் பக்கத்தில் நிற்கிறது. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கிட்டால் அந்த 13,653 டாலர் இன்று 65,000 டாலருக்குச் சமம். நாற்பத்தைந்து வருடம் கராஜில் வைத்துக் காத்ததற்குப் பலன் பாதிக்குப் பாதி நஷ்டம்.

எண்ணிக்கை ஒரு நிபந்தனை, அவ்வளவே. காரை வேண்டும் என்று நினைப்பவர் இருக்க வேண்டும், அவர் கையில் பணமும் இருக்க வேண்டும். ஆசை பத்துப் பன்னிரண்டு வயதில் பிடிக்கிறது, பணம் ஐம்பதில் வருகிறது. ஒரு மாடலின் விலை எப்போது கிளம்பும், எப்போது தேங்கும் என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த நாற்பது வருட இடைவெளியைத்தான்.

எம்ஜி டிசி என்ற குட்டிக் காரைப் பாருங்கள். 1945-49 காலத்தில் 10,000 செய்தார்கள். போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த ரகம் பிடித்துப்போய், அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் மோகமே இதிலிருந்து தொடங்கியது என்பார்கள். அந்தத் தலைமுறை இன்று அநேகமாக இல்லை. அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் எண்பது வயதாகிறது. காரில் ஒரு குறையும் இல்லை, ஓட்டினால் இன்றும் சிரிப்பு வரும். ஆனால் விற்க வருபவர் அதிகம், வாங்க வருபவர் குறைவு. ஆஸ்டின்-ஹீலி 3000, ட்ரையம்ப் டிஆர் வரிசை எல்லாம் இந்தப் பாதையில் சற்றுப் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜப்பான் கார்கள். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34 என்ற மாடல், 1999 முதல் 2002 வரை வந்தது. அமெரிக்காவில் அதை விற்கவே இல்லை. வீடியோ கேமிலும் சினிமாவிலும் மட்டுமே பார்த்து ஏங்கிய பையன்கள் அங்கே லட்சக்கணக்கில் இருந்தார்கள். 25 வருடம் தாண்டிய காருக்குப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்பது அமெரிக்கச் சட்டம். எனவே முந்தைய ஆர்32-வுக்கு 2014-இல் கதவு திறந்தது, ஆர்34-க்கு 2024-இல். திறக்கப் போகும் தேதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும் என்பதால், வியாபாரிகள் பல வருடம் முன்பே ஜப்பானில் வாங்கிக் குவித்து, விலையையும் முன்கூட்டியே ஏற்றிவிட்டார்கள். தெரிந்த விஷயத்தை நம்பிக் கடைசியில் வந்து வாங்கினால் லாபம் மற்றவருக்குத்தான்.

ஒரே காலத்தில், ஒரே மாதிரி விலையில் வந்த இரண்டு கார்களின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். ஒன்று ஜாகுவார் எக்ஸ்ஜே220. மற்றது மெக்லாரன் எஃப்1.

1988 ஆகஸ்டில் ஃபெராரியை நிறுவிய என்ஸோ ஃபெராரி காலமானார். ஜப்பானில் நிலமும் பங்கும் கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஃபெராரி என்ற பெயர் இருந்தாலே விலை பறந்தது. 250 ஜிடிஓ ஒன்று 1.3 கோடி டாலருக்கு மேல் ஜப்பானுக்குப் போனது. அந்தக் காய்ச்சலின் உச்சத்தில்தான், அதே 1988-இன் அக்டோபரில், ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐக் காட்டியது. வி12 இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் விசை என்றார்கள். 50,000 பவுண்டு முன்பணம் என்றதும் வரிசை கட்டி நின்று கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பலருக்குக் காரை ஓட்டும் எண்ணமே கிடையாது, டெலிவரி எடுத்த கையோடு விற்பதுதான் திட்டம்.

1989 கடைசியில் டோக்கியோ பங்குச் சந்தை உச்சத்தைத் தொட்டு விழ ஆரம்பித்தது. கார் சந்தையும் கூடவே சரிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஜிடிஓவே உச்ச விலையில் ஏறக்குறைய கால்பங்குக்கு வந்துவிட்டது. 1992-இல் எக்ஸ்ஜே220 டெலிவரிக்குத் தயாரானபோது அதில் வி12 இல்லை, டர்போ வைத்த வி6 இருந்தது. நான்கு சக்கர விசையும் இல்லை. விலை 4,70,000 பவுண்டுக்கு ஏறியிருந்தது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள், வழக்கு கோர்ட் வரை போனது. செய்ததே 280 அளவில்தான், அதிலும் சில விற்காமல் தேங்கிக் கிடந்தன. இத்தனைக்கும் அது அன்றைய உலகின் மிக வேகமான உற்பத்திக் கார்களில் ஒன்று. இத்தாலியின் நார்டோ ஓடுபாதையில் மணிக்கு 217 மைல் தொட்டது. இன்றும் ஏலத்தில் அது பெரும்பாலும் புதிதாக விற்ற விலையையே சுற்றிச் சுற்றி வருகிறது. முப்பது வருட விலைவாசியைக் கழித்தால் பாதிகூடத் தேறாது.

மெக்லாரன் எஃப்1-உம் அதே தொண்ணூறுகளின் மந்தத்தில்தான் வந்தது. விலை 5,40,000 பவுண்டு அளவில். அதற்கும் ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது, பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 106-உடன் நிறுத்திக்கொண்டார்கள். 2021-இல் அதிகம் ஓடாத எஃப்1 ஒன்று பெபிள் பீச்சில் கூடிங் ஏலத்தில் 2.05 கோடி டாலருக்குப் போனது.

என்ன வித்தியாசம்? எஃப்1 சொன்னதைச் செய்தது. பிஎம்டபிள்யூ வி12, நடுவில் ஓட்டுநர் இருக்கை, கைக் கியர், அதோடு 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வெற்றி. ஜாகுவார் கொடுத்த வாக்கில் பாதியைக் குறைத்துக் கொடுத்தது, கூடவே கோர்ட் கதையும் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ஜே220 மோசமான கார் இல்லை, என்னைக் கேட்டால் அதன் உடலமைப்பு எஃப்1-ஐவிட அழகு. ஆனால் 'வி12 வருவதாக இருந்தது' என்ற வாக்கியம் இல்லாமல் அந்தக் காரைப் பற்றி யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. வாங்குபவர் தன் நண்பர்களிடம் காரைக் காட்டும்போது என்ன கதை சொல்வார் என்பது விலையில் சேர்ந்துவிடுகிறது.

சரி, விலையை அசைக்கும் இன்னொன்று வட்டி விகிதம், அதற்கு வருவோம். 2009-க்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி என்று ஒன்றுமே இல்லாமல் போனது. பணம் கலைப்பொருள், வாட்ச், கார் என்று இடம் தேடி ஓடியது. 2010 முதல் 2015 வரை ஏறாத ஸ்போர்ட்ஸ் காரே இல்லை எனலாம். இங்கே இன்னொரு கிளைக் கதையும் உண்டு. அமெரிக்காவில் சேகரிப்புக் கார் ஒன்றை விற்று இன்னொன்று வாங்கினால் லாபத்துக்கு உடனே வரி கட்டாமல் தள்ளிப்போடும் வழி இருந்தது. 2018 தொடக்கத்திலிருந்து அந்தச் சலுகையை நிலம், கட்டடத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். மேல்தட்டில் கார்கள் சுழன்று சுழன்று கைமாறிய வேகம் அதில் கொஞ்சம் குறைந்தது. கோவிட் காலத்தில் மறுபடி ஒரு துள்ளல். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி 2023 ஜூலைக்குள் ஐந்து சதவீதத்தைத் தாண்டியது. அப்போது சும்மா வங்கியில் போட்டாலே ஐந்து சதவீதம் கிடைத்தது, எண்ணெய் ஒழுகும் காரை எதற்கு வாங்கி வைப்பது?

போர்ஷே 911 விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. 1963-இல் அறிமுகமான நாள் முதல் 1998 வரை அதன் இன்ஜின் காற்றால் குளிர்வது. அதற்கப்புறம் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். மாறிய நாளிலிருந்து பழைய வகைக்கு எண்ணிக்கை முடிந்துபோன கணக்கு. ஆனாலும் பதினைந்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 964 என்ற தொண்ணூறுகளின் தொடக்கத்து மாடலை யாரும் மதித்ததில்லை. பழசும் இல்லை, புதுசும் இல்லை, எண்ணெய் கசியும் என்று ஒதுக்கினார்கள். கலிஃபோர்னியாவில் 2009-இல் தொடங்கிய சிங்கர் நிறுவனம் இந்த 964-ஐ எடுத்து அடிமுதல் நுனிவரை பிரித்து, பழைய 911 தோற்றத்தில் புதுக் காராகவே செய்து, பல லட்சம் டாலருக்கு விற்றது. ஒதுக்கப்பட்ட மாடல் மூலப்பொருளாகிவிட்டது. 2012-15 வாக்கில் காற்றால் குளிரும் எல்லா 911-உம் கிடுகிடுவென ஏறின. 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7 மாதிரி அரிய மாடல்கள் முதலில் போய், அதன் பின்னால் வால் பிடித்துச் சாதாரண மாடல்களும் போயின. தலையில் இருக்கும் அரிய மாடல்கள் விலை இறங்காமல் நிற்கின்றன. வாலில் இருப்பவை இப்போது தடுமாறுகின்றன.

சாதனை விலை வந்தால் ஏற்றம்தான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு டொயோட்டா 2000ஜிடி சாட்சி. மொத்தம் 351 கார்கள். 2013-இல் ஒன்று 11.55 லட்சம் டாலருக்குப் போய், ஜப்பான் காருக்கு இவ்வளவா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. உடனே எங்கெங்கோ கராஜில் இருந்தவையெல்லாம் ஏலத்துக்கு வந்தன. 351 கார் இருக்கலாம், அந்த விலை கொடுக்கக்கூடியவர்கள் 351 பேர் இல்லை. அடுத்த சில வருடங்களில் வந்தவை பல, பத்து லட்சத்தைத் தொடாமலே இறங்கிப் போயின.

ஏல விலையைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏலத்துக்கு முன் போடும் மதிப்பீடு சுத்தியல் விழும் விலைக்கானது. செய்தியில் வரும் விலை, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கமிஷனையும் சேர்த்தது, அது பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை இருக்கும். விற்பவர் கையில் கிடைப்பது இரண்டையும்விடக் குறைவு, அவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். ஆகவே '90,000 என்று மதிப்பிட்டது 1,01,000-க்குப் போனது' என்று படித்தால், எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் போகவில்லை, சரியாக மதிப்பிட்ட விலைக்கே போயிருக்கிறது. அப்புறம் விற்காமல் திரும்பிப் போன கார்கள். குறைந்தபட்ச விலையைத் தொடாதவை விலைப் பட்டியல்களில் வருவதில்லை. சந்தை இறங்கும்போது முதலில் இறங்குவது விலை அல்ல, விற்பனையாகும் கார்களின் விகிதம்தான். சொந்தக்காரர்கள் பழைய விலையையே பிடித்துக்கொண்டு இருப்பார்கள், வாங்குபவர்கள் வர மாட்டார்கள், புள்ளிவிவரம் மட்டும் 'நிலையாக இருக்கிறது' என்று சொல்லும். நண்பர் கேட்ட 'பத்து வருடமாக நகரவில்லை' என்பதில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

இப்போது ஈ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் வந்தது, திறந்த மாடலின் விலை வரியோடு 2,097 பவுண்டு. 1974 வரை எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதாவது இது அரிய காரே இல்லை. விலை பிரிவது அதற்குள்ளேதான். முதல் வருடத்துக் கார்கள், பானெட் பூட்டு வெளியே இருப்பவை, தரை சமமாக இருப்பவை, உச்சியில் இருக்கின்றன. ஹெட்லைட்டை மூடிய கண்ணாடி இருந்தால் ஒரு விலை. 1967 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காக அந்தக் கண்ணாடியை எடுத்தார்கள், அதற்குப் பிந்தையவை ஒரு படி கீழே. 1968-க்குப் பின் இரண்டாம் தொடர் இன்னொரு படி கீழே. 1971-இல் வந்த மூன்றாம் தொடரில் 5.3 லிட்டர் வி12, நீண்ட உடல், பவர் ஸ்டீயரிங். ஓட்டுவதற்கு இதுதான் சொகுசு. விலையில் இதுவே அடிமட்டம், அதிலும் பின் இருக்கையும் ஆட்டோமேட்டிக் கியரும் சேர்ந்தால் அடிமட்டத்தின் அடிமட்டம்.

உச்சியில் இருப்பவைகூட 2015-16 உயரத்திலிருந்து இறங்கியே இருக்கின்றன. 45,000 பவுண்டு விலை பத்து வருடம் அசையாமல் நின்றது என்றால் அது நிற்கவில்லை. அந்தப் பத்து வருடத்தில் பிரிட்டனில் விலைவாசி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. போட்ட பணத்தின் மதிப்பு அப்படியே இருக்க வேண்டுமானால் இன்று 60,000-க்கு மேல் விற்க வேண்டும். இன்சூரன்ஸ், கராஜ் வாடகை, வருடாந்திர சர்வீஸ் இதற்கு மேல். நல்ல செய்தி ஒன்று உண்டு: பிரிட்டனில் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. லாபம் வந்தால்தானே என்பது வேறு.

ரெஸ்டோர் செய்து ஏற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஈ-டைப்பை முழுதாகப் பிரித்துச் செய்யும் செலவு எந்தத் தொடராக இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், தகரத்துக்கும் பெயின்ட்டுக்கும் மூன்றாம் தொடர் என்று தள்ளுபடி கிடையாது. ஒரு வி12-க்கு அந்தச் செலவைச் செய்தால் கார் விலையையும் தாண்டிப் போகும். இதனாலேயே அடுத்தவர் செலவு செய்து முடித்த காரை வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி காருக்கு இது இன்னும் பொருந்தும். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார், 1988-லிருந்து புதுப் பாடிகூட வாங்கலாம். உதிரிபாகம் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதால் அது சாகவும் சாகாது, ஏறவும் ஏறாது. குரோம் பம்பர் வைத்தது 1974-க்குப் பிந்தைய கருப்பு ரப்பர் பம்பரைவிட விலை கூட, அவ்வளவுதான் அதன் அரசியல்.

நண்பர் பார்த்த காருக்கு வருவோம். பார்க்கப் போகும்போது பெயின்ட்டின் பளபளப்பைக் கடைசியில் பாருங்கள். முதலில் பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைப் படியுங்கள். மூன்றாம் தொடருக்கு 1எஸ் என்று தொடங்கும். நீங்கள் சொல்லும் பின் இருக்கை வைத்த மாடலில் அடுத்த எண் 5 என்றால் ஃபாக்டரியிலேயே வலதுபக்க ஸ்டீயரிங்கோடு பிரிட்டன் போன்ற நாடுகளுக்காகச் செய்தது. 7 என்றால் இடதுபக்க ஸ்டீயரிங், பெரும்பாலும் அமெரிக்கா போய்த் திரும்பி வந்து பிரிட்டனில் வலதுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. மாற்றியது தவறில்லை, ஆனால் விலையில் வித்தியாசம் இருக்க வேண்டும், விற்பவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மற்றதையும் விட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அறையில் இருக்கும் அடையாளத் தகட்டில் உள்ள இன்ஜின், கியர்பாக்ஸ் எண்களை இன்ஜினில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஜாகுவாரின் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் அந்த எண்களோடு முதல் நிறமும், எந்த டீலருக்குப் போனது என்பதும் இருக்கும். சிவப்புக் காராக இப்போது நிற்பது பிறக்கும்போது பழுப்பாக இருந்திருக்கலாம். அதற்கும் விலையில் இடம் உண்டு.

அடுத்து இன்ஜினைத் தாங்கும் முன்பக்கச் சதுரக் குழாய்ச் சட்டம். இது உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். மூலைகளில் பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ, புதிதாக வெல்டிங் தெரிந்தாலோ விலையைப் பேசாமல் வந்துவிடுங்கள். அந்தச் சட்டத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுவதில்லை, மாற்றுவதுதான் முறை. கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதியில் கைவைத்துப் பாருங்கள், கதவு மூடும்போது இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாகும்வரை அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி, வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். வி12-க்குச் சூடு ஒத்துக்கொள்ளாது.

இதெல்லாம் சரியாக இருந்து, கைக் கியரும் பழைய சர்வீஸ் ரசீதுகள் அடங்கிய தடிமனான ஃபைலும் இருந்தால் 45,000 நியாயம். ஆட்டோமேட்டிக் என்றால் 40,000-க்குக் கீழே பேசிப் பாருங்கள். விற்பவரும் பத்து வருடமாக அந்த விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்தான், அநேகமாக இறங்கி வருவார்.